வாஷ்பேசினுக்கு முன்னால் ஒரு பலகை

மார்ச் 3

கீழ்வீட்டு நாத்தனாருக்கு,

நான் குதிக்கவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். மற்றவை பிறகு.

நேற்று மாலை மகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்த விதமே சரியில்லை; காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுகிற குரல். "அம்மா, மாடியில தனியா குதிக்கிறீங்களாமே?" என்றான். அவனுக்குச் சொன்னது எதிர்வீட்டு அம்மாள். அந்த அம்மாளுக்குச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. இந்த மாடிக்குக் கீழே ஒரே ஒருத்திதான் குடியிருக்கிறாள்.

நடந்தது இதுதான். குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கப் போகிறேன். மரப்பலகைத் தரையின்மேல் நேராக டைல்ஸ் ஒட்டினால் நிற்காது. பலகை ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், டைல்ஸ் விட்டுப்போகும். நடுவில் சிமெண்ட் போர்டு, அதாவது சிமெண்டில் செய்த தட்டையான பலகை, போட வேண்டும். ஆனால் போர்டு தரையை விறைப்பாக்கிவிடாது. ஆடுகிற தரையின்மேல் போட்டால் அதுவும் சேர்ந்து ஆடும். ஆகவே தரை எங்கே ஆடுகிறது என்று முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, பக்கத்தில் நின்று, இரண்டு குதிகாலையும் உயர்த்தி ஒரே நேரத்தில் கீழே விட்டேன். தண்ணீர் நடுங்குகிறதா என்று பார்த்தேன். கால்விரல்கள் தரையை விட்டு எழவே இல்லை. இந்த வயதில் குதிக்க எனக்கு முழங்காலும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

மகன் ஏப்ரலில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். அவன் வீட்டில் எனக்கென்று ஒரு அறை இருக்கிறதாம். இப்போதைக்கு அதில் உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறதாம். அவன் அப்பா விழுந்த அதே ஈரப் பலகையில் நானும் வழுக்கி விழுவேன் என்பது அவன் பயம். தரையைச் சரிசெய்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. நான் இந்த மாடியை விட்டுப் போவதாக இல்லை.

உனக்கும் இதில் நன்மை உண்டு. "மேலே மகாராணி குளிக்கிறாங்க, கீழே நாங்க குடை பிடிக்கிறோம்" என்று உன்னிடம் துணி தைக்க வந்தவர்கள் முன்னால் நீ சொன்னாயே, இனி சொல்ல வேண்டியிருக்காது. அன்றைக்கே, நமக்குள் எதுவானாலும் எழுத்தில்தான் என்று முடிவு செய்தேன். அதில் மாற்றமில்லை.

இன்னொன்று. தினமும் காலையில் நான் வாஷ்பேசின் முன் கால் வைத்ததும் கீழே உன் தையல் மெஷின் கடகடவென்று தொடங்குகிறது. ஒரு நாள் என்றால் தற்செயல். ஒவ்வொரு நாளும் என்றால் குத்தல். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

அடுத்த வாரம் வேலை தொடங்கும். மேலேயிருந்து தூசி விழும். துணிகளை மூடி வை. பதிலை வழக்கம்போல மாடிப்படிக் கைப்பிடியில் கிளிப் போட்டு மாட்டவும்.

அண்ணி


செவ்வாய்க்கிழமை

மேல்வீட்டு அண்ணிக்கு,

நீங்கள் குதித்ததாக நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டம்மா அளவு கொடுக்க வந்திருந்தார். மேலே தொம்மென்று ஒரு சத்தம். அவர் தலையிலும் என் தலையிலும் தூசி. "என்னங்க அது?" என்றார். "அண்ணி என்னமோ பண்றாங்க" என்றேன். என் பங்கு அவ்வளவுதான். மிச்சத்தை அவரே வெட்டித் தைத்துக்கொண்டார். ஒரு முழம் நூல் கிடைத்தால் அந்தம்மா ஒரு கோட்டே தைத்துவிடுவார்.

மகாராணி என்று சொன்னது உண்மை. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வெட்டி வைத்திருந்த துணி முழுக்கப் பழுப்புத் தண்ணீர் சொட்டிக் கிடந்தது அண்ணி. அந்த நேரத்தில் வாயில் நல்ல வார்த்தை வருமா? அதற்காகப் பேச்சையே நிறுத்திவிட்டு, தபால் ஆபீஸ் நடத்துகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் தேடி எடுத்து உங்கள் கடிதத்தைப் படிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் முடிகிற விஷயம்.

மெஷின் என் பிழைப்பு. எப்போது ஓட்டுவது என்பது என் இஷ்டம்.

டைல்ஸ் அவசியம்தானா? கெட்டுப்போன பலகைகளை மட்டும் மாற்றிவிட்டு ஏதாவது பூசிவிட்டால் ஆகாதா? வாஷ்பேசின் முன்னால் ஒரு பலகை இருக்கிறதே, அதையும் எடுத்துவிடுவார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 10

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. ஓரம் விடவில்லை. செவ்வாய்க்கிழமைகள் வருடம் முழுக்க வருகின்றன. நான் படித்த கான்வென்ட்டில் இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் சிஸ்டர் அதை மேசையிலிருந்து இரண்டு விரலால் தூக்கி, எலிவாலைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வகுப்பு முழுக்கக் காட்டியிருப்பார்.

மேஸ்திரி வந்துவிட்டார். வேலை தெரிந்தவர், ஆனால் யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு படியைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர். "போர்டை நேரா பலகை மேல வெச்சு ஸ்க்ரூ அடிச்சிடலாம்மா. அடியில கலவை போட்டா ரெண்டு வேலை. உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாப்பேன்."

"டைல்ஸ் போட்ட அப்புறம் எப்படிம்மா பாப்பீங்க?"

"போடறதுக்கு முன்னாடி பாப்பேன். இங்கேயே நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன்."

அப்படியே உட்கார்ந்திருந்தேன். போர்டுக்கும் பலகைக்கும் நடுவே காலி இடம் இருக்கக் கூடாது. இருந்தால் மிதிக்கிற இடத்தில் போர்டு அமுங்கும். அதற்குத்தான் கலவை. இதை அவருக்கு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "சரிம்மா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடறேன், தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். எனக்கும் வாய் வறண்டிருந்தது. இந்த வயதில் ஒரு தரைக்காக இத்தனை பேச வேண்டியிருக்கிறது.

முந்தாநாளும் நேற்றும் பலகை வேலைதான். உளுத்த இரண்டு பலகைகளை மாற்றினோம். மீதி எல்லாவற்றையும் அடியிலிருக்கும் விட்டங்களோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கியாயிற்று. நீ கேட்ட வாஷ்பேசின் பலகையை எடுக்கவில்லை, நல்ல மரம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து, கால் வைத்தாலே அது கத்திக்கொண்டிருந்தது. உன் அண்ணன், "அதுக்கு நம்மைப் பாத்தா பேசத் தோணுது, விட்டுடு" என்பார். முந்தாநாள் காலையில் ஆறு திருகாணி இறங்கியதும் வாயை மூடிக்கொண்டது. தம்ளர் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. ஒரு தடவைதான் குதிகாலை விட்டேன். எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிவிடு.

நேற்றும் இன்றும் காலையில் உன் மெஷின் சத்தம் இல்லை. குத்தலை நிறுத்தியதற்கு நன்றி. அதற்குப் பதிலாக மாடிப்படியின் கீழே வந்து நின்று இருமிக்கொண்டிருக்கிறாய். தூசியாக இருக்கலாம். மருந்து சாப்பிடு.

நாளை காலை நான் கண் மருத்துவரிடம் போகிறேன். மேஸ்திரி மதியத்துக்கு மேல் வந்து போர்டு போடத் தொடங்குவார். சாவி அவருக்காகப் படிக்கட்டு ஆணியில் தொங்கும். நீ மேலே வர வேண்டியதில்லை.

அண்ணி


தேதி: மார்ச் 13. ஓரம்: விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. காரணம் கேட்க வேண்டாம்.

மேலே போர்டு வெட்டுகிற சத்தத்தில் பல் கூசுகிறது. கத்தியால் கீறி மடக்கி உடைக்கிறார் போல. ஒவ்வொரு தடவை உடையும்போதும் யாரோ முதுகைச் சொடுக்கு எடுப்பதுபோல இருக்கிறது. வீடு முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. காலையில் மெஷினைத் துடைத்தால் மத்தியானம் அதில் விரலால் பெயர் எழுதலாம்.

உங்கள் மகன் எனக்கும் போன் செய்தான். "அத்தை, உள்ளதைச் சொல்லுங்க, அம்மா நல்லாதான் இருக்காங்களா?" என்றான். "உங்கம்மா என்னைவிடத் தெளிவா இருக்காங்கடா. மேஸ்திரி தண்ணி குடிக்கவே உத்தரவு வாங்கிட்டுப் போறான்" என்றேன். சிரித்தான். பிறகு, "தனியா விட மனசு கேக்கல அத்தை. அப்பாவுக்கு ஆன மாதிரி ஆயிட்டா?" என்றான். கரண்ட் போய்விட்டது என்று போனை வைத்துவிட்டேன். கரண்ட் போனால் போன் நிற்காது என்று அப்புறம்தான் தோன்றியது.

உண்மையிலேயே போய்விடுவீர்களா? ஒரு வரி எழுதினால் போதும்.

நாத்தனார்


மார்ச் 20

நாத்தனாருக்கு,

நான் போகவில்லை. ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன்.

தரை முடிந்தது. பல் வெட்டிய கரண்டியால் கலவையை வரிவரியாக இழுத்து, அதன்மேல் போர்டுகளை வைத்து, செங்கல் வரிசைபோல மூட்டுகள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் மாற்றி மாற்றிப் போட்டார். போர்டுக்குப் போர்டு மெல்லிய இடைவெளி, சுவரோரம் இன்னும் கொஞ்சம் அதிகம். துருப்பிடிக்காத திருகாணி. மூட்டுகளின்மேல் வலைபோன்ற டேப் ஒட்டிக் கலவை பூசினார். போர்டு தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. அதனால் மேலே நீர் புகாத பூச்சு இரண்டு முறை. அதன்மேல்தான் டைல்ஸ். வழுக்காத சொரசொரப்பு, வெளிர்சாம்பல் நிறம். தரை உயர்ந்துவிட்டதால் கதவின் அடிப்பாகத்தை அறுக்க வேண்டியதாயிற்று.

இத்தனை நாளையும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தேன். முதுகு என் சொந்த முதுகாகத் தெரியவில்லை. முடிந்ததும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். படுக்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

இன்று காலை முதல்முறையாகப் புதுத் தரையில் கால் வைத்தேன். அந்த நொடியே உன் மெஷின் தொடங்கிவிட்டது. திரும்பவுமா?

அண்ணி


ஏப்ரல் 8

நாத்தனாருக்கு,

வாஷ்பேசின் முன்னால் டைல்ஸ் இடுக்கில் பூசியது விரிசல் விட்டுவிட்டது. சுவரிலிருந்து புறப்பட்டு, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரே நேர்க்கோடு. காலை வைத்தால் டைல்ஸ் அடியில் ஏதோ முனகுகிறது. தம்ளரை வைத்தேன். தண்ணீர் நடுங்கியது.

மேஸ்திரியை வரவழைத்தேன். "நீங்களே நாற்காலி போட்டு உக்காந்து பாத்தீங்களேம்மா. அந்தப் பலகையில ஆறு ஸ்க்ரூ போட்டேனா இல்லையா?" என்றார். போட்டார், பார்த்தேன். இருந்தும், எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் நிற்பது தெரிந்தும், அவரைக் கவனமில்லாதவர் என்று உரக்கச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்படிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. தப்புச் செய்தவர்கள் வழக்கமாக நிறையப் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான். இந்த வெடிப்பைக் காட்டி, "நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சதே இப்படியாயிடுச்சேம்மா" என்பான். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் பிடிவாதம் என்றுதான் ஆகும். பெட்டியை எடுத்து வைக்கச் சொல்வான். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

உன் கட்டில் அந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. நான் கண் மருத்துவரிடம் போன அன்று மேலே ஏதாவது நடந்ததா? யாராவது வந்தார்களா? உள்ளதை எழுது.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

மேஸ்திரியைத் திட்டாதீர்கள். நான்தான் வந்தேன்.

நீங்கள் தெருமுனை திரும்பியதும் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். கையில் தையல் மெஷினோடு வந்த திருப்புளி. அது இந்த வேலைக்கு ஆனது இல்லை; வழுக்கி வழுக்கி விழுந்தது. ஆறு திருகாணியில் நாலைத்தான் கழற்ற முடிந்தது. அதற்கே மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஓட்டைகளின்மேல் தூசியைத் தள்ளி மூடிவிட்டு இறங்கி வந்தேன். மேஸ்திரி போர்டு போடும்போது பலகை கத்தினால் கண்டுபிடித்துவிடுவார் என்று, அவர் போகிற வரைக்கும் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. வெறும் மெஷின்.

ஏன் என்று கேட்பீர்கள். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் பேச்சு நீங்கள் நிறுத்தியது. எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் விழுந்த அன்று காலையில் நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். அவசரத் தையல், விடிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன். மேலே அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் தலைக்கு நேர் மேலே. நீங்கள் கத்திய பிறகுதான் ஓடி வந்தேன்.

அன்றிலிருந்து, காலையில் அந்தப் பலகை கத்துகிற வரைக்கும் நான் மெஷினில் கால் வைப்பதில்லை. படுக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பேன். அது கத்தினால் நீங்கள் எழுந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்புறம்தான் என் நாள் தொடங்கும். உங்களுக்கு அது குத்தலாகப் பட்டிருக்கிறது. எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

அதை வாயடைத்துவிட்டேன் என்று எழுதினீர்களே, அந்த இரண்டு காலையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேலே ஏறி வந்து கேட்க ரோஷம் விடவில்லை. படிக்குக் கீழே நின்று இருமினேன், நீங்கள் ஏதாவது திட்டினால் போதும் என்று. உள்ளேயிருந்து குழாய்ச் சத்தம் கேட்டதும் திரும்பிப் போனேன்.

டைல்ஸ் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. துணிக்கு அடியில் ஒரு தையல் விட்டால் மேலே தெரியாது. தரையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மகனிடம் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். "அத்தைக்குத்தான் மூளை குழம்பிப்போச்சு" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்; சைக்கிளாவது ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கழற்றிய நாலு திருகாணியும் என் பொத்தான் டப்பாவில்தான் இருந்தன. ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு இதோடு மாட்டியிருக்கிறேன். அண்ணன் இருந்திருந்தால், "ஊசி, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டிருப்பார். அவர் ஒருத்தர்தான் என்னை அப்படிக் கூப்பிட்டவர்.

நாத்தனார்


ஏப்ரல் 15

ஊசிக்கு,

உன் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். இரண்டாவது முறை படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. மருத்துவர் கொடுத்த புதுக் கண்ணாடி சரியில்லை என்று வைத்துக்கொள்.

மறுநாள் மேஸ்திரி வேலை செய்யும் இடத்துக்கே போனேன். ஆட்கள் முன்னால் திட்டியதை ஆட்கள் முன்னால்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். "தப்பு உங்க மேல இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன். "அப்போ கழட்டினது யாரும்மா?" என்றார். "வீட்டு விஷயம்" என்றேன். அவர் என் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். அதன் வாயைச் சுற்றி அத்தனை நேர்த்தியான தையல். புரிந்துகொண்டிருப்பார். நாகரிகமானவர், மேலே கேட்கவில்லை.

அந்த வெடிப்பை அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நான் இப்படி யோசிப்பேன் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் விட முடியாது. அடியில் பலகை ஆடினால் நீர் புகாத பூச்சும் கிழியும். தண்ணீர் நேராக உன் கட்டிலில் இறங்கும். என் காலடிச் சத்தத்தைக் கேட்பதற்காக நீ நனைந்துகொண்டு படுத்திருக்க வேண்டுமா?

ஆகவே சனிக்கிழமை வாஷ்பேசின் முன்னால் டைல்ஸை எடுத்து, போர்டை அந்த அளவுக்கு வெட்டியெடுத்து, உன்னுடைய அதே நாலு திருகாணிகளையும் பழைய ஓட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி இறக்கினார். நாற்காலி போடவில்லை, அவரே செய்துகொள்ளட்டும் என்று பக்கத்து அறையில் படுத்திருந்தேன். வேலை நின்ற மாதிரி இருந்தபோது எட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே அடியில் கலவையை வரிவரியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். ஈரம் காயாத இடத்தைச் சுற்றி நடந்து பார்த்தான். நான் நினைத்ததையெல்லாம் சொன்னான். பிறகு, "தரை நல்லாதான் இருக்கும்மா. ஆனா தினமும் காலையில யாராவது உங்களப் பாத்துக்கணும். அதுக்கு இங்க யாரு இருக்கா?" என்றான்.

"பாத்துக்கிட்டுதான் இருக்காங்க" என்றேன்.

"யாரு?"

அப்போது கீழே உன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பெட்டி பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் காலை வண்டிக்குத் தனியாகத்தான் போனான். உன் வாசலில் நின்று வெகுநேரம் பேசினானே, அவனிடம் நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். உன் அண்ணன் விழுந்த அன்று நான் பக்கத்து அறையில் இருந்தேன். நடுவில் ஒரு கதவு, அதுவும் பாதி திறந்திருந்தது. வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே அவர் விழுந்தது கேட்கவில்லை. நீ ஒரு மாடி கீழே இருந்தாய், மெஷின் சத்தத்தில் இருந்தாய். இத்தனை காலமும் நீ இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். எனக்குத் தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளும் அளவுக்கு நாம் பேசிக்கொள்ளவில்லை.

பலகை இனிமேல் கத்தாது. இன்று காலை சோதித்துவிட்டேன். தம்ளரில் தண்ணீர் அசையவே இல்லை. கீழே நிசப்தம். நீ கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாய் என்று தெரிந்தும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாடியிலிருந்து குரல் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இத்தனை நாள் பேசாத வாய், அவ்வளவு சுலபமாக வரவில்லை. பிறகு வரலாம்.

அதுவரை ஒரு ஏற்பாடு. நாளையிலிருந்து தினமும் காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்று, இரண்டு குதிகாலையும் உயர்த்தி ஒரே நேரத்தில் கீழே விடுவேன். இரண்டு முறை. எதிர்வீட்டு அம்மாள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் இப்போது தரை கெட்டியாகிவிட்டது. சத்தம் உன் கட்டில் வரைக்கும் வருமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வராவிட்டால் கைத்தடியால் தட்டிப் பார்ப்பேன்.

நாளை காலை கேட்டதா, கேட்கவில்லையா என்று எழுதி மாட்டவும்.

அண்ணி